எரிமலை இல்லாத நாட்டின் எரிமலைச் சாம்பல்

டென்மார்க்கில் எரிமலை கிடையாது. அந்நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடான மொல்லஹோயின் உயரமே 171 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. திருச்சி மலைக்கோட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம் வந்துவிடும். ஆனாலும், பூமியின் பழைய எரிமலைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் ஆய்வாளர்கள் தேடிப்போகும் இடங்களில் ஒன்று அந்தத் தட்டை நாட்டில் இருக்கிறது. ஜட்லண்ட் தீபகற்பத்தின் வடக்கே நிலத்தை ஊடறுத்துக் கிடக்கும் உப்பங்கழிக்கு லிம்ஃபியோர்ட் என்று பெயர். அதில் ஃபூர், மோர்ஸ் என்று இரண்டு தீவுகள். ஃபூர் 22 சதுர கிலோமீட்டர்தான். குடியிருப்போர் எண்ணூறு பேர் அளவில். கரையிலிருந்து படகேறினால் சில நிமிடங்களில் தீவில் இறங்கிவிடலாம்.

ஃபூரின் வடகரையில் கடலைப் பார்த்து நிற்கும் சரிவுகள் வெளிர்மஞ்சள் நிறமானவை. அவற்றின் ஊடே கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. சில விரல் மொத்தம், சில சாண் அகலம், சில நூலிழை. அவை நேராகவும் ஓடவில்லை. வளைந்து, மடிந்து, சில இடங்களில் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கின்றன. பனியூழியில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் தரையை நெட்டித் தள்ளியதால் உண்டான மடிப்புகள் அவை. பக்கத்துத் தீவான மோர்ஸில் ஹான்க்லிட் என்ற சரிவு 60 மீட்டர் உயரத்துக்கு இதே காட்சியைக் காட்டுகிறது. வெளிர்மண்ணுக்கு அந்த ஊர்க்காரர்கள் மோலர் என்கிறார்கள். கறுப்புப் பட்டைகள் எரிமலைச் சாம்பல்.

மோலர் எளிய மண் அல்ல. அதில் மூன்றில் இரண்டு பங்கு டயாட்டம் என்ற நுண்ணுயிர்ப் பாசிகளின் கண்ணாடி ஓடுகள், மீதி களிமண். சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு கடல் இருந்தது. மேற்பரப்பில் கோடானுகோடியாய்ப் பெருகிச் செத்த டயாட்டங்கள் அடியில் போய்ப் படிந்துகொண்டே இருந்தன. 60 மீட்டர் கனத்துக்கு அப்படியே சேர்ந்துவிட்டன. காய்ந்த மோலர்க் கட்டியைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. நுனி நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அத்தனை நுண்துளைகள். இந்தக் கடலின் மேல்தான் சாம்பல் பெய்தது. ஒரு முறை இரு முறை அல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட முறை.

அந்தச் சாம்பல் அடுக்குகளை டேனிஷ் நிலவியலாளர் போகில்ட் 1918இல் எண்ணி எண் கொடுத்தார். அடுக்குகள் நெருக்கமாக வரத் தொடங்கும் இடத்திலிருந்து மேலே உள்ளவற்றுக்கு பிளஸ் 1 முதல் பிளஸ் 140 வரை. அதற்குக் கீழே அரிதாகக் கிடப்பவற்றுக்கு மைனஸ் 1 முதல் மைனஸ் 39 வரை. மொத்தம் 179. நூறு ஆண்டு கடந்தும் ஆய்வாளர்கள் அதே எண்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிளஸ் 19 என்றால் அந்தத் துறையில் இருக்கும் எவருக்கும் அது எந்த அடுக்கு என்று தெரியும். சாம்பல் வெகுதூரம் போயிருக்கிறது. பிளஸ் 19உடன் பொருந்தும் படிவை ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கத்தில்கூட அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

ஓர் அடுக்கை மட்டும் கிட்டத்தில் பார்த்தால் ஒரு வெடிப்பின் முழுக் கதையும் அதில் இருப்பது புரியும். அடியில் கறுப்பாக, மணல்போல் நெருநெருக்கும் பருக்கைகள். மேலே வர வர துகள் சிறுத்து, நிறம் வெளுத்து, கடைசியில் மாவாகிவிடுகிறது. கனமான துகள் முதலில் கடலடியைத் தொட்டது. லேசானது தண்ணீரில் மிதந்து அலைந்து பிறகு வந்து சேர்ந்தது. அதற்கு மேல் மறுபடி வெளிர் மோலர். சாம்பல் பெய்து ஓய்ந்த பிறகு கடல் தன் வேலையைத் தொடர்ந்திருக்கிறது. அந்த மோலர்ப் பட்டையின் கனத்தை வைத்து, அடுத்த வெடிப்பு வரை எவ்வளவு காலம் அமைதியாக இருந்தது என்று மதிப்பிடலாம்.

இந்தச் சாம்பல் வந்த திசை வடமேற்கு. அக்காலத்தில் கிரீன்லாந்தும் ஐரோப்பாவும் ஒட்டியிருந்தன. அவை பிரிந்து, நடுவில் வட அட்லாண்டிக் திறந்துகொண்டிருந்தது. நிலம் கிழிந்த வழியே உருகிய பாறை பெருக்கெடுத்தது. கிழக்குக் கிரீன்லாந்தின் கறும்பாறைகளும், பேரோ தீவுகளும், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவும் அந்தக் காலத்தின் எச்சங்கள். நிலம் மேலெழும்பியதால் வடகடல் மற்றக் கடல்களிலிருந்து ஏறக்குறையத் துண்டிக்கப்பட்டது. தண்ணீர் கலங்கிப் புரளாததால் ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்தது. புழுவும் நண்டும் வாழ முடியாத கடலடி அது. அதனால்தான் அங்கே விழுந்த எதையும் எதுவும் கிளறவில்லை, தின்னவில்லை. செத்து விழுந்த உடல் விழுந்தபடியே கிடந்து, அதன்மேல் மெல்லிய தாள்தாளாக மோலர் படிந்தது.

அந்தத் தாள்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஓர் உலகத்தையே கண்டெடுத்திருக்கிறார்கள். செதில் செதிலாக மீன்கள். வெட்டுக்கிளி, எறும்பு, கண்ணாடிச் சிறகுப் பூச்சி. ஒரே வகை அந்துப்பூச்சி ஆயிரத்துக்கும் மேலாகக் கிடைத்தது. அவை கூட்டமாகக் கடல்கடந்து வலசை போனபோது விழுந்தவை என்று ஜெர்மானிய ஆய்வாளர் யெஸ் ருஸ்ட் 2000ஆம் ஆண்டில் எழுதினார். கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் அவ்வளவு பூச்சிகள் விழுந்திருக்க வேறு காரணம் சொல்வது கடினம். பறவைகளும் உண்டு. ஃபூர் படிவில் கிடைத்த ஒரு மண்டையோட்டை ட்ரோகன் குடும்பத்தைச் சேர்ந்தது என்று இனங்கண்டு 2002இல் பெயரிட்டார்கள். அந்தக் குடும்பத்தின் மிகப் பழைய எச்சங்களுள் அதுவும் ஒன்று. அந்தக் குடும்பத்தில் இன்று நம்மோடு வாழும் பறவை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் தீக்காக்கை. வால்பாறைப் பக்கம் மூங்கில் புதரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிவந்த வயிற்றுப் பறவையின் உறவினம் ஒன்று, இன்று பனி பெய்யும் நாட்டின் சாம்பலுக்கிடையே கிடந்தது. அக்காலத்தில் அங்கே அப்படி வெப்பம் இருந்தது.

புதைந்துபோன உயிர்களின் நிறத்தை ஒருபோதும் அறிய முடியாது என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நம்பியிருந்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த யாகோப் வின்தரும் அவருடைய கூட்டாளிகளும் 2008இல் அந்த நம்பிக்கையை மாற்றினார்கள். அவர்கள் ஆராய்ந்தவற்றுள் ஃபூர் படிவில் கிடைத்த ஒரு பறவையும் இருந்தது. அதன் இறகில் பாக்டீரியா என்று மற்றவர்கள் எண்ணியிருந்த நுண்ணிய குச்சிகள், உண்மையில் நிறமி தாங்கும் மெலனின் உறைகள் என்று காட்டினார்கள்.

அதைவிடவும் என் மனத்தில் நிற்பது ஓர் ஆமைக்குஞ்சு. 2008இல் கண்டெடுக்கப்பட்டு ஃபூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓடு. வயது 5.4 கோடி ஆண்டு. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்து யோஹான் லிண்ட்கிரேனின் குழு அதை ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டது. அதன் மென்திசுவில் கறுப்பு நிறமியும், இரத்தச் சிவப்பணுப் புரதத்தின் மிச்சமும் இருந்தன. அந்தக் குஞ்சு கருநிறமானது. இன்றைய கடலாமைக் குஞ்சுகள் கருநிறமாக இருப்பதால் வெயிலை ஈர்த்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு வேகமாக வளர முடிகிறது. நீர்மட்டத்தில் மிதக்கையில் அந்த நிறம் அவற்றுக்குக் காப்பாகவும் இருக்கிறது. அந்த ஏற்பாடு 5.4 கோடி ஆண்டுகளாக மாறவில்லை.

பெசன்ட் நகர், நீலாங்கரை மணலில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் இரவில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைக் காத்துவருகிறார்கள். பொரித்து வெளிவரும் அந்தக் குஞ்சுகளைப் பார்த்தவர்களுக்கு, ஃபூர் குஞ்சைத் தனியாக வருணிக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான தாய் ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கி, மூச்சுக்கு மேலே வர முடியாமல் போனவை. அத்தனை சாம்பல் மழைக்கும் கடலின் வெப்பத்துக்கும் தப்பி வந்த ஒரு வம்சத்துக்கு நம் காலத்தில் இது நடக்கிறது.

வெப்பத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மோலருக்கும் அடியில், ஃபூரின் வடகரையில் ஸ்டொல்லக்லிண்ட் என்ற இடத்தில் ஒரு கருங்களிமண் வெளியே தெரிகிறது. பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமி திடீரென்று சூடேறிய காலத்தின் பதிவு அது. உலகச் சராசரி வெப்பம் 5, 6 டிகிரி உயர்ந்தது. இந்தக் களிமண்ணில் தங்கிய பழைய நுண்ணுயிர்களின் கொழுப்புப் பொருளை அளந்தவர்கள், வடகடலின் மேல்நீர் சுமார் 10 டிகிரி சூடேறியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆழ்கடல் தரையில் வாழ்ந்த ஃபொராமினிஃபெரா என்னும் ஓட்டு நுண்ணுயிர்களில் கணிசமான பகுதி உலகெங்கும் அற்றுப்போனது. பூமி பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

காரணம் என்ன? எரிமலைதான், ஆனால் நாம் நினைக்கும் வழியில் அல்ல. நார்வே ஆய்வாளர் ஹென்ரிக் ஸ்வென்சனின் குழு 2004இல் ஒரு விளக்கம் தந்தது. வெளியே கொட்டிய எரிகுழம்பைவிட, வெளியே வராமல் கடலடிப் பாறைக்குள் கிடைமட்டமாகப் புகுந்துகொண்ட எரிகுழம்புதான் அதிகக் கேடு செய்தது. கரிமப் பொருள் செறிந்த அந்தப் படிவுகளை அது உள்ளிருந்தே வேகவைத்தது. அவற்றிலிருந்து கிளம்பிய மீத்தேனும் கரியமில வாயுவும் கடலடியைத் துளைத்துக்கொண்டு காற்றில் கலந்தன. அந்தத் துளைகளின் தடம் நார்வேக் கடலின் அடியில் இன்றும் இருக்கிறது. அந்தக் கார்பன் வெளியேறச் சில ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இன்று நாம் ஆண்டுதோறும் வெளியேற்றும் வேகம் அதைப்போல் சுமார் பத்து மடங்கு. இதைத் தெரிந்துகொண்டது கணினி மாதிரியிலிருந்து மட்டுமல்ல. யாரோ ஒருவர் ஒரு சரிவில் ஏறி, களிமண்ணை அங்குலம் அங்குலமாக வெட்டி எடுத்து, எண் எழுதி வைத்ததால்தான்.

சரிவு அங்கே இருப்பதால் மட்டும் இது நடந்துவிடவில்லை. டென்மார்க்கில் 1990 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அரிதான புதைபடிவமோ விண்கல்லோ எவருக்குக் கிடைத்தாலும் அது அரசுக்கு உரியது. கண்டெடுத்தவர் அதை அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். கோபன்ஹேகனில் உள்ள தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வல்லுநர்கள் பார்த்து, அது அரிதானதுதான் என்று முடிவு செய்தால் வரிசை எண் கொடுத்துப் பதிவு செய்வார்கள். கண்டெடுத்தவருக்குச் சன்மானம் தருவார்கள். சாதாரணமானது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். டானெக்ரே என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். யாரையும் திருடன் என்று முன்கூட்டியே சந்தேகிக்காத சட்டம் அது. சுத்தியலோடு போகும் பள்ளிப் பிள்ளையையும் ஓய்வுபெற்ற தொழிலாளியையும் அது ஆய்வாளரின் கூட்டாளியாக்கிவிட்டது. ஃபூர் படிவின் சிறந்த புதைபடிவங்களில் பல, தொழில்முறை ஆய்வாளர் அல்லாதவர்கள் கண்டெடுத்தவை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மோலர் சும்மா கிடக்கவில்லை, தோண்டுகிறார்கள். நுண்துளை மிகுந்த மண் ஆகையால் எதையும் உறிஞ்சும், சூட்டைத் தடுக்கும். உலைகளுக்கான இலகுவான செங்கல்லாகவும், வீட்டுப் பூனைகளின் கழிவுத் தட்டில் இடும் பருக்கையாகவும் அது உலகமெல்லாம் போகிறது. 5.5 கோடி ஆண்டுப் பதிவு இந்தப் பயனுக்குப் போவதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் தோண்டாமல் இருந்திருந்தால் புதைபடிவங்களில் பெரும்பாலானவை வெளிச்சத்துக்கே வந்திருக்காது என்பதும் உண்மை. குழிகளில் வேலை செய்தவர்களின் கண்ணில்தான் பல முதலில் பட்டன. மோலருக்குள் ஆங்காங்கே சுண்ணாம்பு இறுகிய கட்டிகள் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் சிமென்ட்கல் என்கிறார்கள். எலும்புகள் நசுங்காமல் முழு உருவில் கிடைப்பது அவற்றில்தான். அதை அறிந்த தொழிலாளி கட்டியைத் தனியே எடுத்து வைக்கிறார். சுரங்கமும் அருங்காட்சியகமும் பக்கத்துப் பக்கத்தில் இயங்க முடியும் என்பதற்கு இந்தத் தீவுகள் சாட்சி. அதற்குச் சட்டமும், விவரம் தெரிந்த மனிதர்களும், காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

டென்மார்க் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறது என்று நான் எழுதவில்லை. மோலர்ச் சரிவுகள் 2010 முதல் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் நாட்டின் ஐந்து தேசியப் பூங்காக்களில் எதற்குள்ளும் அவை இல்லை. 2008இல் தொடங்கிய முதல் பூங்காவான தூ, மோர்ஸுக்கு மேற்கே வடகடலோரம் 244 சதுர கிலோமீட்டர் மணல்மேடும் புதர்வெளியும் ஏரியும் கொண்டது. சிவப்பு மானும் பெருங்கொக்குகளும் நீர்நாயும் அங்கே வாழ்கின்றன. டென்மார்க்கின் கடைசி ஓநாயை 1813இல் ஸ்கீவ ஊருக்கு அருகே கொன்றார்கள். அது ஃபூரிலிருந்து தொலைவில் இல்லை. சுமார் இருநூறு ஆண்டு கழித்து, 2012இல், தூ பூங்காவில் ஒரு ஓநாய் இறந்து கிடந்தது. ஜெர்மனியிலிருந்து தானாகவே நடந்து வந்தது. 2017இல் ஜட்லண்டில் ஓநாய்க் குட்டிகள் பிறந்தன. திரும்பி வந்ததை வரவேற்றவர்களும் துப்பாக்கி எடுத்தவர்களும் அந்நாட்டில் உண்டு.

லிம்ஃபியோர்டின் நிலைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. டென்மார்க்கின் நிலத்தில் பாதிக்கும் மேல் விளைநிலம். மக்கள் 60 லட்சம்; ஆண்டுதோறும் பிறக்கும் பன்றிகள் அதைப்போல் பல மடங்கு. வயலில் இட்ட உரமும் எருவும் மழையோடு கழிமுகத்தில் சேர்கின்றன. பாசி பெருகிச் செத்து அடியில் விழுந்து அழுகுகிறது. காற்றில்லாத வெப்பமான கோடை வாரங்களில் அடிநீரின் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. சிப்பிகள் கூட்டமாகச் சாகின்றன. கடற்புல் மேடுகள் சுருங்கிவிட்டன. கடலடியில் கந்தக பாக்டீரியா வெள்ளைத் துணியாய்ப் படர்கிறது. ஃபூரின் சரிவுகளில் 5.5 கோடி ஆண்டுக்கு முந்தைய ஆக்சிஜனற்ற கடலடியைக் காண மக்கள் படகேறிப் போகிறார்கள். அந்தப் படகுக்குக் கீழேயும் ஆண்டுதோறும் அப்படி ஒரு கடலடி உருவாகிறது. முதலாவதை எரிமலைகளும் நிலத்தின் அசைவும் உண்டாக்கின. இரண்டாவதை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். அதனால் நிறுத்தவும் முடியும். 2024 நவம்பரில் டென்மார்க்கில் பெரும்பாலான கட்சிகள் சேர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கால்நடைகளின் வாயு வெளியேற்றத்துக்கு 2030 முதல் வரி, விளைநிலத்தில் ஒரு பகுதியைக் காட்டுக்கும் சதுப்புக்கும் திருப்பிக் கொடுப்பது, நைட்ரஜனைக் குறைப்பது. தாமதமான முடிவுதான், ஆனாலும் மனமாரப் பாராட்ட வேண்டிய முடிவு.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இவ்வளவும் எழுதியது அதற்காகத்தான்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் தரை ஒரு காலத்தில் கடலடி. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான கடல்வாழ் உயிர்களின் பதிவு அங்கே அடுக்கடுக்காக இருக்கிறது. ஹென்றி பிளான்ஃபோர்ட் அந்த நிலத்தை வரைபடமாக்கி 1862இல் வெளியிட்டார். ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா அங்கே கிடைத்த சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் விரிவாக விவரித்து எழுதினார். உலகம் முழுவதும் உள்ள நிலவியலாளர்களுக்கு அரியலூர் என்ற பெயர் அப்போதிருந்தே பழக்கம். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் சாத்தனூர்க் கல்மரத்துக்கு வேலி இருக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. இவை நல்ல காரியங்கள். மற்றவற்றின் நிலை என்ன?

கல்லமேடு கிராமத்தருகே கிடைத்த எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் 1987இல் விவரித்து, பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம். அந்த அளவு சரி என்றால், இதுவரை நிலத்தில் நடந்த மிகப் பெரிய விலங்குகளின் வரிசையில் வைக்க வேண்டிய உயிர் அது. ஆனால் அளவைச் சரிபார்க்க இன்று வழியில்லை. எலும்புகள் நொறுங்கி அழிந்துவிட்டன. சில கோட்டுப்படங்களும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். உலகத்தின் ஆகப் பெரிய டைனோசர் எது என்று பேச்சு வரும்போதெல்லாம் தமிழ்நாட்டின் பெயர் அடிக்குறிப்பில் வந்து, ஆதாரமில்லை என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது.

2009இல் செந்துறை அருகே டைனோசர் முட்டைத் தொகுதிகள் இருப்பதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையைத் தூர்வாரியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, ஊரே கூடியது. அவை முட்டையல்ல, கடற்படிவில் இறுகிய கட்டிகள் என்று நிலவியலாளர்கள் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தை நான் மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். காலடியில் என்ன இருக்கிறது என்று அறிய மக்களுக்கு ஆர்வம் இருக்கிறது. அந்த ஆர்வத்தை வாங்கிக்கொள்ளத்தான் அங்கே ஓர் ஏற்பாடு இல்லை.

ஏனென்றால் இந்தியாவில் புதைபடிவங்களைக் காக்கத் தனிச் சட்டம் கிடையாது. கோயில் சிலையைப் பெயர்த்தால் சட்டம் உண்டு. மான் கொம்பை வைத்திருந்தால் சட்டம் உண்டு. அந்தப் பகுதியிலுள்ள காரையின் செம்மண் மேடுகளில் அம்மோனைட்டைப் பை நிறையப் பொறுக்கிப் போனால் கேட்க ஒரு சட்டமும் இல்லை. 2022 டிசம்பரில் மத்தியச் சுரங்க அமைச்சகம் புவிப் பாரம்பரியத் தலங்களுக்கும் எச்சங்களுக்கும் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. எல்லா அதிகாரமும் ஒரே துறையிடம் குவிகிறது என்று ஆய்வாளர்கள் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது. குறையைத் திருத்தி நிறைவேற்றியிருக்கலாம். அது இன்னும் சட்டமாகவில்லை.

இதற்கிடையே உலைகள் எரிந்துகொண்டிருக்கின்றன. அரியலூரின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் பல அடுக்குகள் முழுக்க முழுக்கச் சிப்பி ஓடுகள். 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த உயிர்கள் கடல்நீரிலிருந்து கார்பனை எடுத்து ஓடாகக் கட்டிப் பூட்டி வைத்தவை. அதை வெடிவைத்து உடைத்து, அரைத்து, சுமார் 1,450 டிகிரி சூட்டில் வேகவைக்கிறோம். சுண்ணாம்பு நம் வீட்டுச் சுவருக்கு வருகிறது. பூட்டியிருந்த கார்பன் காற்றுக்குப் போகிறது. உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7, 8 விழுக்காடு சிமென்டிலிருந்து வருகிறது. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிகுழம்பு கடலடிப் பாறைகளை வேகவைத்ததுதான் ஸ்டொல்லக்லிண்ட் களிமண்ணில் பதிந்திருக்கிறது. அதே வகை வேலையை நாம் தெரிந்தே செய்கிறோம். கூடவே அந்தப் பதிவையும் அரைத்துவிடுகிறோம்.

சிமென்ட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அரியலூரில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி வாழ்கின்றன. நான் கேட்பது அதைவிடச் சிறியது. சுரங்க அனுமதி தரும்போதே, ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு துண்டுச் சரிவையாவது வெட்டாமல் விட்டு, நிலையான நிலவியல் காட்சியாகக் காக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். சுரங்கத் தொழிலாளிக்குப் புதைபடிவத்தை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்து, எடுத்துக் கொடுப்பவருக்குப் பெயரும் சன்மானமும் தரலாம். வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு அதை வாங்கிப் பதிவு செய்யும் அதிகாரம் வழங்கலாம். இதற்கு மத்தியச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குத்தகை நிபந்தனைகளின் வழியே தமிழ்நாடு அரசே தொடங்க முயலலாம்.

டென்மார்க்கில் வாழும் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹெர்னிங்கிலும் பிராண்டேயிலும் நம்மவர்கள் கோயில் கட்டி, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வாழ்கிறார்கள். அங்கிருந்து ஃபூருக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போய், அவர்கள் கையில் ஒரு சுத்தியலைக் கொடுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அரியலூருக்கும் கூட்டி வாருங்கள். அங்கே வேலியில்லாமல் கிடப்பதை அவர்களே பார்க்கட்டும். பார்த்ததை மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதமாக எழுதச் சொல்லுங்கள். உள்ளூரில் இருக்கும் நாமும் எழுதுவோம்.